கழுவாத ஃபிலிம்

ஜூன் 15, சனி

இன்று முதல் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில் விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று சுற்றறிக்கை விட்டதற்கு எட்டுப் பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் சனிக்கிழமை டியூஷனுக்குத் தப்பி வந்தவர்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பரவாயில்லை. நானும் கணக்கு டியூஷனுக்குப் பயந்து கேமரா பக்கம் ஒதுங்கியவன்தான்.

தாளாளர் தன் தம்பி விட்டுப்போன ஃபிலிம் கேமராக்களைப் பள்ளிக்குக் கொடுத்து, "பீரோல கிடக்குறதுக்குப் பிள்ளைக கையில இருக்கட்டும் சார்" என்றார். வேதியியல் வாத்தியாரான எனக்குக் கறுப்பு வெள்ளைப் படம் கழுவத் தெரியும் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். லேபுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையை இருட்டறையாக்கிவிட்டேன். ஜன்னலுக்குக் கறுப்புத் தார்ப்பாய், கதவிடுக்குக்குப் பழைய போர்வை. உள்ளே நின்று சாத்திக்கொண்டால் நம் கை நமக்குத் தெரியாது.

"படம் கழுவுறதுன்னா என்ன?" என்று கேட்டேன். ஜெரோம் என்ற பையன் எழுந்து, "எங்கம்மா டெய்லி சாயங்காலம் என்னையக் கழுவி ஊத்துவாங்க சார், அந்த மாதிரியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். முதல் நாளே மரியாதை போனது.

வெளிச்சம் பட்டதுமே ஃபிலிமில் படம் விழுந்துவிடும், ஆனால் மருந்தில் போடும்வரை கண்ணுக்குத் தெரியாது, அதைத் தெரியவைப்பதுதான் கழுவுவது என்று விளக்கினேன். "அப்ப, படம் இருக்கு, ஆனா இல்ல" என்றாள் கடைசி பெஞ்சில் இருந்த ச. இசைவாணி. ஆமாம் என்றேன். "சரி சார்" என்றாள்.

இசைவாணி என் மனைவியின் மகள். போன தை மாதம் பொற்செல்வியை நான் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். வகுப்பில் அவளை மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் நடத்துகிறேன். அவளும் என்னை அப்படித்தான்.

ஜூன் 17, திங்கள்

டைரி எழுதுகிறவன் இல்லை நான். வகுப்பில் நடத்தியதைக் குறித்துவைக்கலாம் என்று ஆரம்பித்தேன். இன்று வகுப்பே இல்லை, ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் இசைவாணி என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பள்ளியில் 'சார்' இருக்கிறது, பிழைத்தாள். வாசலுக்கு வந்ததும் அந்தச் சொல்லைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிடுகிறாள். அப்புறம் எல்லாம் மொட்டைதான். "காப்பி ஆறுதாம்." "சாப்பாடு ஆயிருச்சாம்." அந்த 'ஆம்' முக்கியம். சொன்னது அம்மா, நான் வெறும் தபால்காரி என்று அர்த்தம். ஒருநாள் பொற்செல்வி வெளியூர் போயிருந்தபோதுகூட என் அறை வாசலில் வந்து நின்று, "கேஸ் தீந்துருச்சாம்" என்றாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

நேற்று பொற்செல்வியின் அக்கா வந்திருந்தார். சாப்பிடும்போது, "சித்தப்பான்னு கூப்புட்டா என்னடி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டார். இசைவாணி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சித்தப்பான்னா அப்பாவுக்குத் தம்பி. எங்கப்பாவுக்குத் தம்பியே கிடையாது பெரியம்மா" என்றாள். கோபமில்லை. ஒரு மார்க் கேள்விக்கு விடை சொன்ன தொனி. அக்கா என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

எனக்கு வருத்தமா என்றால், வருத்தமெல்லாம் இல்லை. பதினான்கு வயதுப் பெண். அவள் அப்பா சங்கரபாண்டி மஞ்சள் காமாலையில் போய் நாலு வருஷம்தான் ஆகிறது. தேரடியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். நான் சாத்தூருக்கு வேலைக்கு வந்தது அதற்குப் பிறகு, அதனால் பார்த்ததில்லை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று முதலில் கேட்பது அவர் குரல்தான் என்று இன்றைக்கும் டீக்கடையில் சொல்கிறார்கள். மகளுக்கு இசைவாணி என்று பெயர் வைத்த மனுஷன். அந்த நாற்காலியில் நான் எப்படி உட்கார முடியும்? உட்காரவும் வேண்டாம். என்னைக் கூப்பிட ஏதாவது ஒரு சொல் இருந்தால் தேவலை, அவ்வளவுதான்.

ஜூன் 22, சனி

எடுத்த ஃபிலிமைக் கேமராவிலிருந்து உருவி, ஒரு பிளாஸ்டிக் ரீலில் சுற்றி, மூடிபோட்ட டப்பாவுக்குள் வைக்க வேண்டும். அதன் பிறகு வெளிச்சத்திலேயே மருந்து ஊற்றலாம். அந்தச் சுற்றும் வேலை மட்டும் கும்மிருட்டில் நடக்க வேண்டும். தாளில் படம் போடும்போது சிவப்பு விளக்கு எரியலாம். ஃபிலிமுக்கு அதுவும் ஆகாது.

பழகுவதற்காக வீணாய்ப்போன ஃபிலிம் துண்டுகளைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சுற்றச் சொன்னேன். ஜெரோம் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். ரக்‌ஷனா கர்ச்சீப்பால் கண்ணைக் கட்டிக்கொண்டு நேர்மையாகத் தோற்றாள். இசைவாணிக்கு முதல் தடவையே வந்துவிட்டது. "எப்படி?" என்றேன். "சின்னப் பிள்ளையில வயர் சுத்திக் குடுப்பேன் சார்" என்றாள். தன் அப்பாவைப் பற்றி அவள் என்னிடம் சொன்ன முதல் சேதி இது. அதுவும் வகுப்பில், சார் என்று முடித்து.

விளக்குச் சுவிட்சின் மேல் பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். "உள்ளே ஃபிலிம் திறந்திருக்கும்போது யார் என்ன சொன்னாலும் லைட்டைப் போடக் கூடாது. பாம்பே வந்தாலும் சரி" என்று கண்டிப்பாகச் சொன்னேன். "பாம்பு வந்தா ஃபிலிம நீங்க பாத்துக்கங்க சார், நாங்க போயிருவோம்" என்றான் ஜெரோம்.

ஜூன் 24, திங்கள்

சட்டையெல்லாம் மருந்து வாடை. "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்" என்றாள் பொற்செல்வி. இசைவாணி புத்தகத்துக்குள் சிரித்தது தெரிந்தது.

ஜூன் 29, சனி

கேமராக்களை ஆளுக்கு ஒரு வாரம் என்று முறைவைத்துக் கொடுத்தேன். முதல் வாரம் இசைவாணி, ரக்‌ஷனா, ஜெரோம். "நிறம் இல்லாவிட்டாலும் குறையாத எதையாவது எடுத்துட்டு வாங்க" என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது, ஒருவருக்கும் புரியவில்லை. "காக்கா எடுக்கலாமா சார்?" என்றான் ஜெரோம். எடுக்கலாம் என்றேன். காக்காவுக்கு அதைவிடத் தகுதியான வகுப்பு கிடைக்காது.

இசைவாணி மட்டும் வகுப்பு முடிந்து நின்று, "இருட்டா இருக்கற இடத்துல எப்படி எடுக்குறது சார்?" என்று கேட்டாள். கேமராவை எதன்மேலாவது சாய்த்துவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஷட்டரை மெதுவாகப் போடச் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வீட்டு ஆள் கேட்பது மாதிரி ஆகிவிடுமோ என்று கேட்கவில்லை.

ஜூலை 3, புதன்

இசைவாணி தினமும் சாயங்காலம் கேமராவோடு போய் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறாள். பொற்செல்விக்குத் தெரிந்துதான் போகிறாளாம். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் ஜம்பமாகக் கேட்காமல் இருக்கிறேன்.

ஜூலை 6, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

இருட்டறைக்குள் நான்கு பேர். நான், இசைவாணி, முறைக்குக் காத்திருந்த ரக்‌ஷனா, ஜெரோம். முதலில் இசைவாணி. கதவைச் சாத்தி, போர்வையைச் சொருகிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, "ஆரம்பிம்மா" என்றேன். ஃபிலிம் கூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. ரீலுக்குள் நுழைந்து கிர் கிர் என்று நாலைந்து சுற்றுப் போனதும் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. உள்ளே ஒரே புழுக்கம், கை வேர்த்து ஃபிலிம் ஒட்டியிருக்க வேண்டும். "பின்னால கொஞ்சம் இழுத்து மறுபடி விடு" என்றேன். இழுத்தாள். ஃபிலிம் மடங்குகிற சத்தம்.

அப்போது "அப்பா" என்றாள்.

சத்தமாக இல்லை. பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வதுபோல் சொன்னாள். அடுத்து எனக்குத் தெரிந்தது, அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிளாஸ்திரி என் விரலில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அதைக் கிழித்தது எனக்கு நினைவில்லை. இசைவாணி கண்ணை இறுக்க மூடியபடி நின்றிருந்தாள், அந்த இருட்டிலும் மூடித்தான் வைத்திருந்திருக்கிறாள். கையில் பாதி ரீலில், பாதி வெளியில் அவள் ஃபிலிம்.

உடனே அணைத்தேன். அணைத்து என்ன பயன்? பானை உடைந்த பிறகு மூடியைத் தேடிய கதை.

இருட்டில் ஜெரோம், "பாம்பா சார்?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இசைவாணியின் குரல், "மிச்சத்தையும் சுத்திரட்டுமா சார்?" என்றது. "சுத்தும்மா" என்றேன். சிக்கு எப்படியோ விட்டிருந்தது. சுற்றி, டப்பாவில் போட்டு, மூடியைத் திருகினாள். வெளியே வந்ததும் டப்பாவை என்னிடம் நீட்டி, "பரவால்ல சார்" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூலை 7, ஞாயிறு

தமிழில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வேலை பார்க்கிறார்கள். காலையில் பொற்செல்வி தண்ணீர்க் கேனைத் தூக்கி வைத்துவிட்டு "அப்பா" என்றாள். அவள் அப்பா தென்காசியில் இருக்கிறார், அவரைக் கூப்பிடவில்லை. கறிக்கடையில் எனக்கு முன்னால் நின்றவர் விலையைக் கேட்டு "யப்பா" என்றார். உட்கார்ந்தால் அப்பா, எழுந்தால் அப்பா, வெயிலுக்கு அப்பா. ஃபிலிம் சிக்கினால் ஒரு பிள்ளை அப்பா என்று சலித்துக்கொள்ளாதா? அதற்குப்போய் ஒரு வாத்தியார், சுவிட்சைப் பிடுங்காத குறையாக லைட்டைப் போடுவாரா?

ஆனால் அது சலிப்புச் சத்தம் இல்லை. சலிப்பில் கடைசியில் காற்று போகும். இதில் போகவில்லை. கூப்பிட்ட சத்தம்தான். நான் எத்தனை முறை காதுக்குள் ஓட்டிப் பார்த்தாலும் கூப்பிட்ட சத்தம்தான். இதை நினைக்கும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஃபிலிம் போன வருத்தத்துக்கு நடுவிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்தான். இசைவாணி ரக்‌ஷனா வீட்டுக்குப் போன பிறகு பொற்செல்வி கீரை ஆய்ந்துகொண்டே, "அந்த ஃபிலிம்ல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"தேரடிக் கடைதான். நாலு வருஷமா பூட்டியே கிடந்துச்சுல்ல, இப்ப கட்டடக்காரர் செல்போன் கடைக்கு விட்டுட்டார். சுவத்துல இவ அப்பா பேர் எழுதியிருந்தது, உள்ள வயர் தொங்கவிட்ட ஆணி, எல்லாத்தையும் அழிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு இவ சாவி வாங்கிட்டுப் போயி எடுத்தா. வெள்ளிக்கிழமை பெயின்ட் அடிச்சுட்டாங்க."

நானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன். "உங்களச் சொல்லலங்க. தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள்.

அவள் கையில் இருந்தது அவள் அப்பா. அது மாட்டிக்கொண்டபோது அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். யாரையோ கூப்பிட்டதற்கு நான் எழுந்துபோய், அவரையே அழித்துவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

பள்ளி விட்டுத் தேரடி வழியாக வந்தேன். சுவர் முழுக்கப் பச்சை. மேலே செல்போன் கடைப் பெயர், கீழே நம்பர். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் பழைய எழுத்து மேடாகத் தெரியுமோ என்று பார்த்தேன். பெயின்டர் நன்றாகச் சுரண்டிவிட்டுத்தான் அடித்திருக்கிறார். கடையில் இருந்தவன், "டெம்பர் கிளாஸா சார்?" என்றான். என்ன சொல்வது? ஆமாம் என்று சொல்லி, என் செல்போனில் ஒரு கண்ணாடியை ஒட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 10, புதன்

தலைமையாசிரியை எஸ்தர் மேடம் கூப்பிட்டு, இருட்டறையில் ஏதோ ஆகிவிட்டதாமே என்று விசாரித்தார். கை தவறி சுவிட்சில் பட்டுவிட்டது என்றேன். "ஆனைக்கும் அடி சறுக்கும் சார்" என்றார். சுவிட்சில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும். நான் மூன்று பிள்ளைகளை மனதுக்குள் கும்பிட்டேன்.

ஜூலை 13, சனி

இசைவாணி வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். எல்லாருக்கும் முன்னால் வந்து மருந்துக் குப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ரக்‌ஷனாவும் ஜெரோமும் ஃபிலிம் சுற்றினார்கள். சுவிட்சுக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஜெரோமுடைய காக்காக்கள் பிரமாதம். ஒன்று கேமராவைப் பார்த்து முறைக்கிறது.

அவளுடைய டப்பா அலமாரியின் மேல்தட்டில் அப்படியே இருக்கிறது. முழுவதும் கெட்டிருக்காது என்று எனக்கு ஒரு நப்பாசை. ரீலில் ஏறிய பகுதி போனதுதான். ஆனால் கையில் உருண்டையாக இறுகியிருந்த கடைசிப் பகுதியின் உட்சுற்றுகளுக்குள் வெளிச்சம் நுழைந்திருக்காது. சொன்னேன். "கழுவிப் பாத்துரலாமா?" என்றும் கேட்டேன்.

"வேணாம் சார். இருக்கட்டும்" என்றாள்.

கழுவிப் பார்த்து எதுவும் இல்லை என்றால் இல்லைதான். கழுவாதவரை இருக்கிறது. முதல் வகுப்பில் அவளே சொன்னதுதான். ஜெரோம் டப்பாவை எடுத்து ஆட்டி, "இது யாருது?" என்றான். "என்னோடது. கீழ வை" என்றாள். குரல் ஏறவில்லை, ஆனால் அவன் இரண்டு கையாலும் வைத்தான்.

ஜூலை 17, புதன்

இன்று பொற்செல்வியிடம் சொல்லிவிட்டேன். கை தவறவில்லை, இசைவாணி 'அப்பா' என்றாள், அதைக் கேட்டு எழுந்தேன் என்று. பொற்செல்வி என்னையே பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒரு ஆளு" என்றாள்.

"அவகிட்டயே கேட்டுறவா?" என்றேன்.

"கேட்டுறாதீங்க. கேட்டா, உங்களக் கூப்புடலன்னுதான் சொல்லுவா. சொல்லிட்டாள்னா அப்புறம் ஆயுசுக்கும் அதையே பிடிச்சுக்கிட்டு நிப்பா. எனக்குத் தெரியாதா எம்மகளை?"

கேட்கப் போவதில்லை. இதை எழுதுகிற நேரத்தில் இசைவாணி கதவருகே வந்து, "பால் பொங்கப் போகுதாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பால் உண்மையிலேயே பொங்கிவிட்டது.

ஜூலை 20, சனி

நல்ல மழை. வகுப்பு இல்லை. இருட்டறைக்குள் தண்ணீர் வந்திருக்குமோ என்று குடையோடு போய்ப் பார்த்தேன். மேல்தட்டு காய்ந்துதான் இருந்தது.

ஜூலை 25, வியாழன்

ஒன்பதாம் வகுப்பில் அமிலம், காரம் நடத்திக்கொண்டிருந்தேன். இசைவாணி கையைத் தூக்கி, "கழுவாத ஃபிலிம் எத்தன நாள் தாங்கும் சார்?" என்றாள். பாடத்துக்குச் சம்பந்தமே இல்லை. முன்பெஞ்சுக்காரர்கள் பரீட்சைக்கு வருமா என்று குழம்பிப் பார்த்தார்கள்.

பொய் சொல்லலாம், வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும் என்று. அவளுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் சொன்னேன்: "தாங்கும். ஆனா இந்த ஊர் வெக்கைக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா மங்கும். நமக்குத் தெரியாமலே மங்கும்." அவள் அதை அமிலம் காரத்துக்குக் கீழே எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே வந்தாள். கொடியின் அந்த முனையிலிருந்து அவள் எடுக்க, இந்த முனையிலிருந்து நான் எடுக்க, நடுவில் ஒரு பெட்ஷீட் பாக்கி இருந்தது. அதன் அந்தப் பக்கம் நின்று, "நாளைக்குக் கழுவிரலாம்" என்றாள். 'ஆம்' போடவில்லை. நான் சரி என்று மட்டும் சொன்னேன். அதிகம் பேசினால் மனதை மாற்றிக்கொள்வாளோ என்று பயம்.

ஆகஸ்ட் 3, சனி

மற்றவர்களைக் காலையிலேயே அனுப்பிவிட்டேன். ஜெரோம் மட்டும் போகவில்லை. லேப் வாசலில் காவல்காரன் மாதிரி உட்கார்ந்துகொண்டான்.

புதிதாகக் கரைத்த மருந்து. நான் கடிகாரம் பார்த்தேன், அவள்தான் டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தினாள். மூடியைத் திறக்கும்போது, "நீங்களே எடுங்க சார்" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சொட்டச் சொட்ட உருவினேன். கறுப்பு. இன்னும் உருவினேன். கறுப்பு. முழத்துக்கு முழம் கறுப்பு. கடையின் முகப்பு, உள்ளே வயர் தொங்கிய ஆணிகள், வாரம் முழுக்க அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்ததெல்லாம் அந்தக் கறுப்புக்குள் போய்விட்டது.

கடைசி ஒரு சாண் வந்தது. அதன் ஓரத்தில் கறுப்பு படிப்படியாகக் குறைந்து, உள்ளே கட்டம் தெரிந்தது. கோடுகள் தெரிந்தன. "இசை" என்றேன். அவளை அப்படி அதுவரை கூப்பிட்டதில்லை. திரும்பினாள். இரண்டு பேரும் ஃபிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்த்தோம். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாக, வெள்ளை கறுப்பாக இருக்கும். அதில் யார், என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"பெயின்ட் அடிச்ச வெள்ளிக்கிழம எடுத்தது" என்றாள். கிளிப்பில் தொங்கவிட்டு, தூசி படாமல் இருக்க விசிறியை அணைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 10, சனி

இன்று தாளில் போட்டோம். பள்ளியில் எங்கள் படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறோம், வெளியே மற்றவர்கள் அதற்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சிவப்பு விளக்கில் அவளும் நானும்.

பெரிதாக்கும் கருவியில் அவளே நெகட்டிவை வைத்தாள், அவளே வெளிச்சம் விட்டாள். தாளை மருந்துத் தட்டில் அமிழ்த்திவிட்டு, தட்டை மெதுவாக ஆட்டச் சொன்னேன். வெறும் வெள்ளைத் தாள். அப்புறம் ஒரு சாய்ந்த கோடு. ஏணி. ஏணியில் ஒரு மனிதர். அவர் தலைக்குப் பக்கத்தில் சுவர், சுவரில் எழுத்து. எழுத்தில் முன்பாதி இல்லை, பெயின்ட் அடித்தாகிவிட்டது. "பாண்டி சவுண்ட் சர்வீஸ்" மட்டும் மேலே வந்தது.

"நான் போறதுக்குள்ள 'சங்கர' போயிருச்சு" என்றாள், தட்டைப் பார்த்தபடியே. "இருங்கண்ணேன்னு கத்துனேன். யாரும்மா நீன்னார். இந்தப் பேரோட பொண்ணுன்னேன். அப்படியே ஏணிலயே உக்காந்துட்டார். எத்தன வேணுமோ எடுத்துக்கம்மான்னார். நான் முடிக்கிற வரைக்கும் பிரஷ்ஷத் தொடல."

படத்தில் அவர் பிரஷ்ஷை மடியில் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் அந்த மிச்சப் பெயரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். சிவப்பு விளக்கில் ஒரு வசதி, யார் கண் சிவந்தாலும் தெரியாது.

"அன்னிக்கு ஏன் லைட்டப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

'சார்' போடவில்லை. கை தவறியது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. "நீ அப்பான்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றேன்.

தட்டை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். "கூப்பிட்டேன்" என்றாள். "எங்கப்பாவத்தான். வயரு சிக்குனா அவரத்தான் கூப்புடுவேன், வந்து எடுத்து விடுவார். அன்னிக்கும் தன்னால வாயில வந்துருச்சு."

"தெரியும்மா. பின்னாடிதான் புரிஞ்சுச்சு. நான் எந்திரிச்சிருக்கக் கூடாது. உன் படமெல்லாம் என்னால போச்சு. என்னைய மன்னிச்சிரு."

வெளியே ஜெரோம் யாரையோ கத்தரிக்கோல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவரு வரமாட்டார்னு தெரியும்" என்றாள். "சும்மாதான் கூப்பிட்டேன். நாலு வருசமா சும்மா கூப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், மனசுக்குள்ள. யாரும் வந்ததில்ல." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க வந்தீங்கல்ல."

மருந்துத் தட்டில் தாள் கிடந்ததையே மறந்துவிட்டேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"முதல்ல அத எடுங்க" என்றாள். "கருத்துரப் போகுது."

அவசரமாகக் கையாலேயே எடுத்து அடுத்த தட்டில் போட்டேன். கொஞ்சம் கருத்துத்தான் போயிருந்தது. இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, இதுவே இருக்கட்டும் என்றாள்.